லிஸ்பனிலிருந்து சான்டோரினி வரை பத்து நாளில் முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: ஜனவரியில் சென்னையிலிருந்து பிரான்ஸின் லியோன் நகருக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் மாணவர். ஏப்ரலில் பத்து நாள் வசந்த விடுமுறை. கூட வருபவர்களையும் சேர்த்து நான்கு பேர், அதில் இரண்டு பேர் சைவம். லிஸ்பன், பார்சிலோனா, ரோம், ஏதென்ஸ், சான்டோரினி என்று பட்டியல் தயார். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் போதுமா, ரயில் பாஸ் எடுக்கலாமா, பயப்படும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி, பணம் போதும். பட்டியல்தான் இடிக்கிறது.

லிஸ்பனுக்கும் ஏதென்ஸுக்கும் நேர்கோட்டில் சுமார் 2,850 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஸ்ரீநகரே அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. தெற்கு ஐரோப்பா என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால், எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குகிற மாதிரி தோன்றிவிடுகிறது. அது மூன்று தீபகற்பங்கள், நடுவே கடல். லிஸ்பன்–மாட்ரிட் இரவு ரயில் 2020இல் நின்றுபோனதிலிருந்து அந்த இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே ரயிலில் போக வேண்டுமென்றால் வண்டி மாறி மாறித்தான் போக வேண்டும். இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குக் கப்பல் அல்லது விமானம். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சான்டோரினிக்குக் கப்பலின் வேகத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு மணி நேரம்.

"விமான டிக்கெட் இருபது யூரோதானே" என்பீர்கள். டிக்கெட் அவ்வளவுதான். ஆனால் அந்த விலையில் இருக்கைக்கு அடியில் அடங்கும் சின்னப் பை மட்டும் சேர்த்தி. கேபின் பெட்டிக்குத் தனிக் கட்டணம், சில நேரம் அது டிக்கெட்டை விட அதிகம். மலிவு விமானங்கள் இறங்கும் இடமும் பல நேரம் ஊரை விட்டு விலகி இருக்கும். பார்சிலோனா என்று நினைத்து வாங்கிய டிக்கெட் ஊருக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே ஜிரோனாவில் இறக்கிவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விசாவைக் கவுண்டரில் சரிபார்க்கும் நிறுவனங்களும் உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் பறத்தலுக்குக் காலையிலிருந்து மதியம் வரை போய்விடும். உங்கள் பட்டியலில் இப்படி ஐந்து தாவல் இருக்கிறது. பத்து நாளில் பாதி பெட்டியை இழுத்துக்கொண்டே கழியும். மாணவர்கள் போகும் பயணங்களில் காசும் தெம்பும் கரைவது ஊர்களுக்குள் இல்லை, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தாவும் இடத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் லியோனில் இருக்கப் போகிறீர்கள். அது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் அங்கிருந்து மத்தியதரைக் கடலோரமாக ஒரு வட்டம் அடித்துவிட்டு, விமானமே ஏறாமல் திரும்பி வரலாம். லியோன், பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், மறுபடி லியோன். பார்சிலோனாவில் மூன்று இரவு, மார்செயில் இரண்டு, ஜெனோவாவில் ஒன்று, ரோமில் மூன்று. லிஸ்பனும் கிரேக்கமும் இன்னொரு விடுமுறைக்கு இருக்கட்டும். சான்டோரினியை விடுவதில் வருத்தமே வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் கிரேக்கத் தீவுகள் அப்போதுதான் சோம்பல் முறித்து எழுந்துகொண்டிருக்கும். கடலில் குளிக்கலாம் என்ற ஆசை இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். ஏப்ரலில் அந்தக் கடல் நீர் 14, 15 டிகிரிதான். மெரினா தண்ணீருக்குப் பழகிய உடம்பு முழங்கால் நனைந்ததும் கரைக்கு ஓடி வந்துவிடும்.

லியோனிலிருந்து பார்சிலோனாவுக்கு ஸ்பெயினின் ரென்ஃபே நிறுவனம் 2023 ஜூலையிலிருந்து நேரடி ரயில் விடுகிறது, சுமார் ஐந்து மணி நேரம். அதே சமயத்தில் தொடங்கிய மாட்ரிட்–மார்செய் ரயில் பார்சிலோனா வழியாகத்தான் போகிறது, அதில் ஏறினால் மார்செய். இந்த இரண்டு தடத்திலும் ரயில்கள் குறைவு, அதனால் தேதியை ரயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மார்செயிலிருந்து ஜெனோவா ஒரு முழுப் பகல்: நீஸ் வரை ஒரு ரயில், அங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு எல்லை ஊரான வெண்டிமிக்லியா வரை உள்ளூர் ரயில், அங்கிருந்து இத்தாலிய ரயில். வழியில் பல இடங்களில் வண்டி கடலை உரசிக்கொண்டே போகும். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ரோமிலிருந்து திரும்பும்போது டூரின் வரை அதிவேக ரயில், பிறகு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி லியோன். அந்த மலைத்தடம் 2023 ஆகஸ்டில் மலைச்சரிவால் மூடப்பட்டு 2025 மார்ச் கடைசியில்தான் திறந்தது. இங்கும் ரயில்கள் கொஞ்சம்தான்.

ரயில் பாஸ் வேண்டாம். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் பாஸ் வைத்துக்கொண்டு நினைத்த ரயிலில் ஏறலாம். தெற்கே கதை வேறு. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதிய வேண்டும். உங்கள் வட்டத்தில் இருப்பது ஐந்து பெரிய பயணம்தான், தனித்தனி டிக்கெட்டே மலிவு. பிரான்ஸில் 27 வயது வரை உள்ளவர்களுக்கு அவாண்டாஜ் ழூன் என்று ஓர் ஆண்டு அட்டை உண்டு, 49 யூரோ. பிரெஞ்சு அதிவேக ரயில்களில் 30 சதவீதம் தள்ளுபடி. செமஸ்டர் முழுக்க உதவும் என்பதால் போனதும் வாங்கிவிடுங்கள்.

நம் ஊர் ரயில் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது. கடைசி நாளிலும் பெரும்பாலும் டிக்கெட் கிடைக்கும், ஆனால் இரண்டு மூன்று மடங்கு விலையில். அதிவேக ரயில்களுக்கு விலை நாளுக்கு நாள் ஏறும். இத்தாலியில் ட்ரெனிடாலியாவும் இதாலோவும் ஒரே தடத்தில் போட்டி போடுவதால் முன்கூட்டிப் பார்த்தால் நல்ல விலை சிக்கும். அதே இத்தாலியில் மெதுவாகப் போகும் பிராந்திய ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை, அவசரமே இல்லை. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம், மாணவர் என்று சொன்னாலும் விட மாட்டார்கள். அப்புறம், ரயில்வே வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி வரும், முன்னரே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும் என்பது விதி. கிளம்பும் வாரத்தில் 'ஷோப்பெரோ' என்று போட்டு ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் பயணத்தை உண்மையில் தீர்மானிப்பது ஈஸ்டர். 2026இல் அது ஏப்ரல் 5, கிரேக்கத்தில் ஏப்ரல் 12. 2027இல் மார்ச் 28, கிரேக்கத்தில் மே 2. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ரோமில் படுக்கை விலை எகிறிவிடும், செவில் போன்ற ஸ்பானிய ஊர்களில் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. கல்லூரி தரும் விடுமுறை அந்த வாரத்தில் விழுந்தால் வட்டத்தைத் திருப்பிப் போட்டு, ரோமை எந்த முனையில் வைத்தால் தப்பிக்கலாம் என்று பாருங்கள். விடுமுறை மாதக் கடைசியில் விழுந்தால் ஏப்ரல் 23 அன்று பார்சிலோனாவில் இருக்க முயலுங்கள். சன்ட் ஜோர்டி நாள் அது. ஊர் முழுக்கத் தெருவில் புத்தகக் கடையும் ரோஜாக் கடையும் போட்டிருப்பார்கள். நம் புத்தகக் கண்காட்சிக்குத் தவறாமல் போகிறவராக இருந்தால் மிகவும் பிடிக்கும்.

பார்சிலோனாவில் சக்ராடா ஃபமீலியாவை மட்டும் முன்பதிவு செய்தால் போதும், மற்றதெல்லாம் நடந்தே பார்க்கலாம். 1882இல் தொடங்கி அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் கௌடி கைக்கு வந்த தேவாலயம். 1926இல் அவர் டிராம் மோதி இறந்தார், வேலை இன்னும் நடக்கிறது. காலையில் கிழக்குக் கண்ணாடிகள் வழியாக நீலமும் பச்சையும், மாலையில் மேற்கிலிருந்து சிவப்பும் ஆரஞ்சும் உள்ளே விழும். நடுப்பகல் நேரத்தை எடுக்காதீர்கள்.

மார்செய் அழுக்கான ஊர், ஆபத்தான ஊர் என்று பலர் பயமுறுத்துவார்கள். கொஞ்சம் அழுக்குதான். ஆனால் கிரேக்க மாலுமிகள் கி.மு. 600 வாக்கில் அமைத்த துறைமுகம் இன்றும் ஊரின் நடுவில் இருக்கிறது, பக்கத்தில் சான் ழான் கோட்டைக்கு மேலே இலவசமாக ஏறி உட்கார்ந்து கப்பல் பார்க்கலாம். ஊர்ப் பேருந்தில் லூமினி வரை போய் அங்கிருந்து நடந்தால் கலாங்க் எனும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை விரிகுடாக்கள். இத்தாலியில் எல்லோரும் சிங்க்வே தெர்ரே என்ற கடலோர ஊர்களுக்குப் போகச் சொல்வார்கள். அழகுதான், கூட்டமும் அப்படித்தான். ஜெனோவாவிலிருந்து உள்ளூர் ரயிலில் கிட்டத்திலேயே இருக்கும் கமோலியில் இறங்கினால் அதே வண்ண வீடுகள், அதே கடல், பாதிக் கூட்டம்கூட இருக்காது.

ரோமைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, அதனால் நம் பக்கம் தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயங்களையும் அரிக்கமேட்டுப் பொருள்களையும் பார்த்துவிட்டுப் போங்கள். யவனர் மிளகு வாங்கிப் போன கதையைப் பள்ளியில் ஒரு பத்தியாகப் படித்திருப்பீர்கள். அந்த மிளகு போய்ச் சேர்ந்த கிடங்கு ரோமில் இருக்கிறது. பழைய ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரம் வளாகத்தில் மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில், டொமீஷியன் பேரரசர் காலத்தில் கட்டிய 'ஹொர்ரெயா பிப்பெரடாரியா', அதாவது மிளகுக் கிடங்கு. கொலோசியம் டிக்கெட்டிலேயே ஃபோரமும் சேர்ந்திருக்கும். பெரும்பாலோர் கொலோசியத்தில் களைத்துப்போய் ஃபோரத்தை அரை மணியில் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் ஃபோரத்தில் காலையில் தொடங்குங்கள். இந்தியா ஆண்டுதோறும் ரோமின் பணத்தில் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பியது இந்த வியாபாரத்தைப் பார்த்துத்தான்.

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது காலத்தைக் கணிக்க உதவியது அர்ரெட்டைன் வகைச் சிவப்பு மட்பாண்டம். அந்த வகைக்குப் பெயர் தந்த அரெத்ஸோ, புளோரன்ஸுக்கும் ரோமுக்கும் நடுவே இருக்கிறது. அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் அதே வகைப் பாண்டங்கள் வரிசையாக இருக்கும். ரோமிலிருந்து ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அரெத்ஸோவா நேப்பிள்ஸா என்ற கேள்வி வரும். நான் நேப்பிள்ஸ் என்பேன். அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. பாம்பெயில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தப் பெண் சிலை அங்குள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 79இல் எரிமலை வெடித்தபோது ஏதோ ஒரு வீட்டில் இருந்த நம் ஊர்ப் பொருள். உயரம் ஒரு சாண்தான். அதற்காக ரயில் ஏறிப் போகலாம்.

சாப்பாடு. சைவ நண்பர்களுக்கு இத்தாலி சுலபம், ஸ்பெயின் கஷ்டம். ஸ்பெயினில் 'வெஹெதால்' என்று எழுதிய சாண்ட்விச்சில் காய்கறியோடு டூனா மீனும் முட்டையும் இருப்பது சகஜம். கேட்டுத்தான் வாங்க வேண்டும். தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த மிளகாய், உருளைக்கிழங்கு என்று சமாளிக்கலாம். இரவு எட்டரைக்கு முன் உணவகங்கள் அடுப்பையே பற்ற வைக்காது, ஒரே விலையில் முழுச் சாப்பாடு தரும் மதிய 'மெனு தெல் தியா'வில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது லாபம். நீஸில் சொக்கா, ஜெனோவாவில் ஃபரினாதா என்று ஒன்று கிடைக்கும்: கடலை மாவும் எண்ணெயும் தண்ணீரும் மட்டும், பெரிய தட்டில் விறகடுப்பில் சுட்டது. முட்டை, பால் எதுவும் கிடையாது. மரினாரா பீட்சாவில் சீஸே இல்லை. பார்மேசான் சீஸில் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பார்கள் என்பதைக் கண்டிப்பான சைவக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பயணத்தில் தெரிந்தால் சண்டை வரும். ரோமில் தண்ணீர் வாங்க வேண்டாம். தெருவெங்கும் 'நசோனி' குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிநீர். இத்தாலிய உணவகப் பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கொபெர்த்தோ' என்று வரும். அது ஏமாற்று வேலை இல்லை, உட்காரும் கட்டணம்.

கணக்குக்கு வருவோம். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் உங்களிடம் ஆயிரம் யூரோ. முன்கூட்டி வாங்கினால் ரயில்களுக்கு 250 முதல் 300. ஹாஸ்டல் படுக்கை இரவுக்கு 35 என்றால் ஒன்பது இரவுக்கு 315. சாப்பாட்டுக்கு நாளுக்கு 20, ஒரு வேளை சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிச் சமைத்தால். நுழைவுக் கட்டணங்களுக்கு நூறு. ஊருக்குள் பேருந்து, சுற்றுலா வரி, சில்லறைக்கு இன்னொரு நூறு. நான்கு பேர் என்பதால் நான்கு படுக்கை அறையை மொத்தமாக எடுங்கள், சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். இத்தாலியில் 18 முதல் 25 வயதுக்கு அரசு அருங்காட்சியகங்களில் இரண்டே யூரோ என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் எல்லோருக்கும் இலவசம், கூட்டம் தாங்காது. கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்.மோ ரூபாயில் எடுக்கவா யூரோவில் எடுக்கவா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை.

கார் எடுக்கலாமா என்று யாராவது ஆரம்பித்தால் அணைத்துவிடுங்கள். 25 வயதுக்குக் கீழே கூடுதல் கட்டணம், இத்தாலிய ஊர்களின் நடுப்பகுதியில் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா படமெடுத்து மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வரும். அப்படியும் ஆசை விடவில்லை என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சென்னையில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டும்.

விசா பற்றிப் பயம் வேண்டாம். பிரெஞ்சு நீண்டகால மாணவர் விசாவோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை விட்டுவிட்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம், தனி விசா தேவையில்லை. வி.எல்.எஸ்.-டி.எஸ். வகை விசா என்றால் பிரான்ஸில் இறங்கி மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும், அதைப் பயணத்துக்கு முன் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை லியோனில் விட்டுவிட்டு நகலோடு போகாதீர்கள். எல்லையே இல்லை என்று சொன்னாலும் இத்தாலியிலிருந்து பிரான்ஸுக்குள் வரும் ரயில்களில் பிரெஞ்சுப் போலீஸ் ஏறிச் சோதிக்கும், நம் நிறத்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். காகிதத்தை எடுத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும். சென்னையில் எடுக்கும் மருத்துவக் காப்பீடு பிரான்ஸுக்கு மட்டுமா, ஷெங்கன் முழுவதுக்குமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

அம்மாவுக்கு வருவோம். அந்த ஊர்களில் நீங்கள் உண்மையாகச் சந்திக்கக்கூடிய ஆபத்து பிக்பாக்கெட். பார்சிலோனாவின் ரம்ப்ளா சாலையும் மெட்ரோவும், ரோமின் டெர்மினி நிலையமும் 64ஆம் எண் பேருந்தும் அதற்குப் பேர்போனவை. கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், மணிக்கட்டில் கயிறு கட்ட வருபவர் யாரிடமும் நிற்க வேண்டாம். பாஸ்போர்ட் சட்டைக்கு உள்ளே, போன் பின்பாக்கெட்டில் கூடாது. நான்கு பேரின் பாஸ்போர்ட், விசா நகல்களும் நான்கு போனிலும் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். மாட்ரிட், ரோம் நகரங்களில் தூதரகங்கள், மிலானில் துணைத் தூதரகம், மார்செயிலும் 2025 பிப்ரவரியில் ஒன்று திறந்தார்கள். இந்த மூன்று நாடுகளிலும் அவசர எண் 112.

இதையெல்லாம் அம்மாவிடம் பாடம் ஒப்பிக்க வேண்டாம். தங்கும் இடங்களின் முகவரியும் ரயில் நேரமும் உள்ள ஒரு தாளை அச்செடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். ஏப்ரலில் நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம். நம் இரவு பத்து மணி அங்கே மாலை ஆறரை, வெளிச்சம் இருக்கும், அறைக்குத் திரும்பி மூச்சு விடும் நேரம். தினமும் அந்த நேரத்தில் ஒரு அழைப்பு என்று வைத்துக்கொண்டால் நடுவில் பத்து மிஸ்டு கால் வராது.

நண்பர்களுக்குள் இரண்டு ஏற்பாடு போதும். பொதுச் செலவுக்கு ஆளுக்கு நூறு யூரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தீர்ந்ததும் மறுபடி போடுங்கள். ஒவ்வொரு காபிக்கும் ஆப்பில் கணக்கு எழுதினால் ரோம் வருவதற்குள் முகம் பார்த்துப் பேச மாட்டீர்கள். பார்சிலோனாவிலும் ரோமிலும் அரை நாள் ஆளுக்கொரு திசையில் போவது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கால்பந்து மைதானம், இன்னொருவருக்குத் தூக்கம், அதில் தப்பில்லை.

விடுமுறைத் தேதி கைக்கு வந்த அன்றே லியோன்–பார்சிலோனா, பார்சிலோனா–மார்செய், டூரின்–லியோன் ரயில்களைப் பாருங்கள், இந்த மூன்றிலும்தான் தேர்வு குறைவு. அவை எந்த நாளில் கிடைக்கிறதோ அதற்குள் மற்ற ஊர்களை அடுக்குங்கள். பிறகு ரோம் படுக்கை, சக்ராடா ஃபமீலியா நேரம், கொலோசியம். ஜெனோவா அறையைப் போகும் வாரத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.